அலுமினிய கிராங்க் புல்லி: தினசரி காரில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கார் பைத்தியம் பிடித்த நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் எப்படியும் ஒருவர் கேட்டுவிடுவார்: "லைட் வெயிட் புல்லி போட்டா பிக்கப் கூடுமா?" அவர் சொல்லும் புல்லி கிராங்க் புல்லி: இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உட்கார்ந்து, பெல்ட்டை ஓட்டும் சக்கரம். கேட்பவர் ரேஸ் ஓட்டுபவர் இல்லை. ஸ்விஃப்ட், ஐ20, பழைய சிட்டி என்று ஆபீசுக்கும் ஊருக்கும் ஓடுகிற கார் வைத்திருப்பவர். ஆன்லைனில் சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் படத்தைப் பார்த்திருப்பார். கீழே "5 குதிரைத்திறன் கூடும், மைலேஜ் ஏறும்" என்று போட்டிருக்கும்.

அப்படி ஒரு புல்லி மாட்டிய காரைக் கோவையில் தினமும் ஓட்டியிருக்கிறேன். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு, கம்பெனி புல்லியை மாட்டி அதே ரோட்டில் அதே காரை ஓட்டியிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: கிராங்க் புல்லி வாங்கும்போது எடையைப் பார்க்காதீர்கள், உள்ளே ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கார் ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். 1998-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை சிட்டியில் கடைசியாகச் சேர்ந்த வேரியன்ட். 106 குதிரைத்திறன், இன்றைக்கும் அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. எனக்கு விற்றவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அவ்வப்போது ஓட்டியவர். பானெட்டைத் திறந்து காட்டி, "கிராங்க் புல்லி மாத்திருக்கேங்க. ஒரிஜினலும் பத்திரமா வச்சிருக்கேன்" என்று ஒரு அட்டைப்பெட்டியையும் கையில் கொடுத்தார். அந்தப் பெட்டிக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். மாடிஃபை செய்த காரை வாங்கும்போது, கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலையில் ஆயிரம் ரெண்டாயிரம் குறைப்பதைவிட அது பெரிய லாபம்.

சந்தையில் "புல்லி" என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றில்லை. ஒரிஜினல் அளவிலேயே அலுமினியத்தில் கடைந்து எடையை மட்டும் குறைத்தது ஒரு வகை. விட்டத்தையும் குறைத்து ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் மின் இயந்திரம்), ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாவற்றையும் மெதுவாகச் சுற்ற வைப்பது இன்னொன்று. இதை அண்டர்டிரைவ் என்பார்கள். மூன்றாவது, பழைய புல்லி கெட்டுப்போனதால் அதற்குப் பதிலாக வாங்கும் சாதாரண மாற்றுப் புல்லி. தினசரி கார் வைத்திருப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த மூன்றாவதுதான். ஆனால் பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றியே நடக்கும்.

என் காரில் இருந்தது இரண்டாவது வகை. ஒரிஜினலைவிட விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சின்னது. பிற்பாடு இரண்டையும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரிஜினல் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அலுமினியம் 600 கிராமை ஒட்டி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் இன்ஜின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். முதல் கியரில் கிளம்பும்போதும் ஒரு சுறுசுறுப்பு தெரியும். இது மனப்பிரமை கிடையாது. கியரைக் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தட்டி இன்ஜின் வேகத்தைக் கியருக்குப் பொருத்துவது, அதாவது ரெவ் மேட்ச் பண்ணுவது, சுகமாக இருந்தது. இப்படி ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சுகம் புரியும்.

ஆனால் இது எவ்வளவு தூரத்துக்கு உண்மையான வேகம்? ஒரு ராத்திரி உட்கார்ந்து தோராயமாகக் கணக்குப் போட்டேன். சுற்றுகிற பொருளில் குறையும் எடையின் பலன் கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் கியரில் அந்த ஒன்றரைக் கிலோ குறைப்பு, டிக்கியில் இருந்து ஒரு 10 கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்ததற்குச் சமம். ஐந்தாவது கியருக்குப் போனால் அந்த 10 கிலோ அரை கிலோவாகச் சுருங்கிவிடும். அவினாசி ரோட்டில் நாலாவது கியரில் ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது இந்தப் புல்லியால் எதுவும் நடக்காது. நியூட்ரலில் கார் எடையே இன்ஜின் மேல் இல்லாததால் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. புல்லி போட்ட அன்றைக்கு எல்லோரும் செய்வது நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதுதான். அதனால்தான் எல்லோருக்கும் "செம பிக்கப்" என்று தோன்றுகிறது.

குதிரைத்திறன் கணக்கு இன்னும் பரிதாபம். டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம்) ஒரே காரை அடுத்தடுத்து ஓட்டினாலே இன்ஜின் சூடு, டயர் காற்று, வெளி வெப்பம் என்று நூற்றுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே வரும். 106 குதிரைத்திறன் காரில் அதுவே இரண்டு குதிரைத்திறன் ஆகிவிடுகிறது. புல்லியால் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு என்றால், எது எதனால் வந்தது என்று யாரால் பிரிக்க முடியும்? ஒரே ஒரு டைனோ தாளைக் காட்டி விற்பவரிடம், முன்னும் பின்னும் எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று கேளுங்கள்.

மைலேஜ் கதையும் இதே மாதிரிதான். ஆல்டர்னேட்டரை மெதுவாகச் சுற்றவிட்டால் சக்தி மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆல்டர்னேட்டர் எவ்வளவு சக்தியை இழுக்கும் என்பதை முடிவு செய்வது காரில் எரிகிற லைட்டும் ஓடுகிற ஃபேனும். 40 ஆம்பியர் வேண்டும் என்றால், மெதுவாகச் சுற்றினாலும் அதே 40-ஐக் கொடுக்க அது கூடுதலாக முறுக்கும். உராய்விலும் காற்றைக் கிழிப்பதிலும் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். மெதுவாகச் சுற்றுவதால் 40-ஐக் கொடுக்கவே முடியாமல் போனால் மீதியைப் பேட்டரி கொடுக்கும். அப்புறம் அந்தக் கடனை இன்ஜின்தான் அடைக்க வேண்டும்.

இந்தக் கடன் எனக்கு உக்கடத்தில் தெரிந்தது. மழைநாள் சாயங்காலம், மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகரவில்லை. ஹெட்லைட், வைப்பர், ஏசி, பின் கண்ணாடி டிஃபாகர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஃபேன் சுற்றத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் டேஷ்போர்டு விளக்கு மங்கியது. சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வைத்திருந்தேன். அது 12.6 காட்டியது. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. 12.6 என்றால் பேட்டரிக்கு ஒரு சொட்டுகூட ஏறவில்லை, அதிலிருந்துதான் போய்க்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து இன்ஜினை நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு ஏற்றினால் 13.9-க்கு வந்துவிடும். காலை எடுத்தால் மறுபடியும் இறங்கும்.

காரணம் எளிது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, இன்ஜின் 750 சுற்றில் இருந்தால், புல்லி விகிதத்தால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்றை ஒட்டிச் சுற்றும். அந்த இடத்தில் வேகம் கொஞ்சம் மாறினாலே அதன் மின் உற்பத்தி பெரிதாக மாறும். அங்கிருந்து ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தால் கரன்ட் அதைவிடப் பெரிய விகிதத்தில் குறையும். ரேஸ் ட்ராக்கில் 5,000-க்குக் கீழே இறங்காத காருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அண்டர்டிரைவ் புல்லி பிறந்ததே அந்த மாதிரி காருக்காக, அங்கே அது நியாயமான பொருள். நம் கார் வாழ்நாளில் பாதியை சிக்னலில் கழிக்கிறது.

நீங்களும் அளந்து பார்க்க நினைத்தால் ஒரு குறிப்பு. சில ஹோண்டாக்களில் மின் சுமை குறைவாக இருக்கும்போது வோல்டேஜை வேண்டுமென்றே இறக்கி வைத்திருப்பார்கள். ஹெட்லைட்டையும் ஏசி ப்ளோயரையும் போட்டுவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஏசியிலும் அதே கதை. மே மாதத்தில் ஓடும்போது குளிரும், நின்றால் வெதுவெதுப்பாகிவிடும். கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி ஏசி கடைக்காரர் கேஸ் ஏற்றிவிடக்கூடிய அறிகுறி இது. கேஸ் சரியாகவே இருந்தது. கம்ப்ரசர்தான் ஐடிலில் போதுமான வேகத்தில் சுற்றவில்லை. பவர் ஸ்டீயரிங் என் காரில் ஹைட்ராலிக், பெல்ட்டில் ஓடும் பம்ப் வகை. மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாரில் மலையேறத் தொடங்கினால், கொண்டை ஊசி வளைவில் வேகம் குறையும் இடத்தில் ஸ்டீயரிங் திடீரென்று கனமாகும். எதிரில் பஸ் வரும்போது அது நல்ல அனுபவம் கிடையாது. இன்றைய கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டீயரிங் பம்ப்பே பெல்ட்டில் இல்லை என்றால், அண்டர்டிரைவ் புல்லி மிச்சப்படுத்த அங்கே என்ன பாக்கி இருக்கிறது?

வாட்டர் பம்ப் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். இந்த சிட்டி இன்ஜினில் அது டைமிங் பெல்ட்டில் (வால்வுகளை ஓட்டும் உள் பெல்ட்) ஓடுகிறது, வெளிப் புல்லியின் அளவு அதைத் தொடாது. டைமிங் செயின் உள்ள பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப் வெளி பெல்ட்டில்தான் ஓடும். அதில் அண்டர்டிரைவ் போட்டால் டிராஃபிக்கில் கூலன்ட் ஓட்டமும் குறையும். நம் வெயிலுக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவும் அண்டர்டிரைவின் தொல்லைகள். "அப்போ அதே அளவில் லைட் வெயிட் போட்டுக்கறேன்" என்று ஒருவர் சொல்லலாம். ஆல்டர்னேட்டர், ஏசி எல்லாம் பழையபடி சுற்றும், சரிதான். ஆனால் நான் புல்லியைக் கழற்றியது ஆல்டர்னேட்டருக்காக இல்லை.

5,500 சுற்றுக்கு மேலே போகும்போது கியர் லிவரில் ஒரு ரீங்காரம் வரும். காலில் பெடலிலும் லேசாகத் தெரியும். இன்ஜின் மவுன்ட் என்று நினைத்து மாற்றியாகிவிட்டது, சத்தம் போகவில்லை. சுந்தராபுரத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணன், பழைய ஹோண்டாக்களையே பார்த்துத் தலை நரைத்தவர், முன் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல டேம்பரே இல்லீங்களே. வெறும் இரும்பு மாதிரி கடைஞ்சு வச்சிருக்கான்."

"அலுமினியம்ணா. எடை கம்மி."

"எடை கெடக்குதுங்க. அந்த ரப்பர் எங்கீங்க?"

அட்டைப்பெட்டியில் இருந்த ஒரிஜினலை எடுத்துக் கொடுத்தேன். அதைக் குறுக்கே பிடித்துக் காட்டினார். நடுவில் கிராங்கில் உட்காரும் இரும்புக் குடம். வெளியே பெல்ட் ஓடும் கனமான வளையம். இரண்டுக்கும் நடுவே விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத கறுப்பு ரப்பர் பட்டை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டேம்பர். பார்ப்பவருக்குப் புல்லி, இன்ஜினுக்கு அதிர்வு அடக்கி.

கிராங்க் ஷாஃப்ட் ஒரு கனமான இரும்புக் கட்டி என்று நினைக்கிறோம். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது ஒரு துளி முறுக்கிக்கொண்டு மறுபடி நேராகிறது. இந்த முறுக்கலுக்கு ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. நாலு சிலிண்டர் கார் இன்ஜின்களில் அது விநாடிக்குச் சில நூறு முறை என்ற அளவில் இருக்கும். 6,000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 100 சுற்று, 200 வெடிப்பு. அந்த 200-ன் இரட்டிப்பான 400-லும் அதிர்வு இருக்கும். கிராங்கின் இயல்பான அதிர்வெண் அந்தப் பக்கமாக இருந்துவிட்டால், ஒவ்வொரு தள்ளலும் முந்தைய தள்ளலோடு சேர்ந்து முறுக்கல் பெருகும். வெளி வளையம் ரப்பரில் தொங்கிக்கொண்டு எதிர்த்திசையில் பின்தங்கும், ரப்பர் கசங்கும், அந்தச் சக்தி சூடாகப் போய்விடும். எந்த அதிர்வெண்ணில் அடக்க வேண்டும் என்று அந்த இன்ஜினுக்கே கணக்குப் போட்டு வளையத்தின் எடையையும் ரப்பரின் கடினத்தையும் வைத்திருப்பார்கள். "தேவையில்லாத கனம்" என்று கழற்றி வீசுவது அந்தக் கணக்கைத்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பயமுறுத்தல் இல்லை. கார் யுகத்தின் தொடக்கத்தில் நீளமான ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்துகொண்டே இருந்தது. இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் போன்ற பொறியாளர்கள் டேம்பரைக் கொண்டுவந்தது அதற்குத்தான். இன்றைக்கும் ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜினில் டேம்பரைக் கழற்றுவது மிக ஆபத்து. கிராங்க் குட்டையாக இருக்கும் நாலு சிலிண்டரில் ஆபத்து குறைவு. சில சின்ன இன்ஜின்களில் கம்பெனியே ரப்பர் இல்லாத புல்லியைத்தான் போட்டு அனுப்புகிறது. அதில் அலுமினியம் மாட்டினால் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. அதனால் உங்கள் ஒரிஜினலில் ரப்பர் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: என் கிராங்க் உடையவில்லை. ரப்பர் இல்லாத திடப் புல்லியோடு வருஷக்கணக்கில் ஓடும் கார்களும் இருக்கின்றன. 3,000 சுற்றுக்கு மேல் போகாதவர் எதையும் உணராமலே காரை விற்றுவிடலாம். ஆனால் இந்த வகை ஹோண்டாக்களில் ஆயில் பம்ப்பின் உள் கியர் கிராங்க் மூக்கிலேயே, அதாவது புல்லி மாட்டும் முனையிலேயே, உட்கார்ந்திருக்கிறது. முறுக்கல் அதிகமாக இருப்பதும் அதே மூக்கில்தான். அதிக சுற்றில் ஓடும் ரேஸ் இன்ஜின்களில் டேம்பர் இல்லாமல் அந்தக் கியர் நொறுங்கிய கதைகள் ட்யூனிங் உலகத்தில் பழசு. ஆயில் பம்ப் போனால் இன்ஜின் போச்சு. டிக்கியில் 10 கிலோ குறைப்பதற்கு இவ்வளவு பெரிய பந்தயமா? வேகமாக ஓட்டுபவர்கள்தான் இந்தப் புல்லியை வாங்குகிறார்கள், ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம். இதில் இருக்கும் வேடிக்கை அதுதான்.

சரி, ஒரிஜினலையே திருப்பி மாட்டலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். இருபது வருஷப் பழைய ரப்பர். நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை, ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள். மெக்கானிக் அண்ணன் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் குடத்தில் தொடங்கி ரப்பர் மேலாக வெளி வளையம் வரை நேராக ஒரே கோடு இழுத்தார். தற்காலிகமாக அதை மாட்டி, "ஓட்டீட்டு வாங்க, பாக்கலாம்" என்று அனுப்பினார். கொஞ்ச நாளில் திரும்பிப் போனபோது குடத்துக் கோடும் வளையத்துக் கோடும் ஒரு அரிசி அளவு விலகியிருந்தன. வளையம் ரப்பர் மேல் வழுக்கியிருக்கிறது.

இந்தக் கோடு போடும் சோதனைக்குச் செலவே கிடையாது, பத்து வருஷம் தாண்டிய எந்தக் காருக்கும் செய்யலாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில் இது இன்னும் முக்கியம். பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்று சரிபார்க்க உதவும் இக்னிஷன் டைமிங் குறிகள் அந்த வெளி வளையத்தில்தான் வெட்டியிருக்கும். வளையம் வழுக்கினால் குறியே பொய் சொல்லும். டைமிங் லைட் அடித்து "கரெக்டா வச்சாச்சு" என்பார்கள், கார் இழுக்காது. என் அலுமினியப் புல்லியிலோ அந்தக் குறிகளே இல்லை. அதற்கு முன் டைமிங் வைத்தவர் என்ன கணக்கில் வைத்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

புதுசு தேட வேண்டியதாயிற்று. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் என்றார்கள். பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையை மிஞ்ச ஊர் இல்லைதான். ஆனால் டேம்பரைப் பழசில் வாங்குவதில் அர்த்தமில்லை. அங்கே கிடைப்பதும் அதே வயசு ரப்பர். கடைசியில் கம்பெனி பார்ட்டையே ஆர்டர் போட்டுக் காத்திருந்து வாங்கினேன். விலை கசந்தது.

மலிவு விலை மாற்றுப் புல்லி என்ன செய்யும் என்பதை என் சித்தப்பா மகனின் டீசல் ஸ்விஃப்டில் பார்த்தேன். அந்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் இந்தியாவில் எத்தனையோ கம்பெனி கார்களில் ஓடியது, அதனால் அதற்கு டூப்ளிகேட் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐடிலில் டக் டக் என்று சத்தம் வந்திருக்கிறது. செயின் போச்சு, பெரிய வேலை என்று ஒரு கடையில் பயமுறுத்தியிருக்கிறார்கள். பார்த்தால் டேம்பர் ரப்பர் விட்டுப்போய் வளையம் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஒரு புல்லி மாட்டினான். சத்தம் நின்றது. கொஞ்ச நாளில் பெல்ட் ஓரம் பிய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. இன்ஜினை ஓடவிட்டு பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வளையம் உள்ளேயும் வெளியேயும் நெளிந்து சுற்றியது. ரப்பர் சீராக ஒட்டவில்லை. கடையில் வாங்கும்போதே தட்டையான கண்ணாடி மேல் வைத்து உருட்டிப் பார்த்தால் இப்படிப்பட்டதில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். பெயர் தெரியாத டப்பாவில் வருவதை நான் தொடமாட்டேன். பெரிய கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் பிராண்டு என்றால் சரி.

இன்ஜினைப் பெரிதாக மாற்றி, உண்மையிலேயே ட்ராக்கில் ஓட்டுபவர் வேறு புல்லி வேண்டும் என்றால், அதற்கும் டேம்பர் வகையே இருக்கிறது. ஏடிஐ, ஃப்ளூயிடாம்பர் போன்ற பிராண்டுகள் ரப்பர் வளையத்தாலோ கெட்டியான சிலிகோன் திரவத்தாலோ அதிர்வை அடக்குபவை. ரேஸ் டேம்பர்களுக்கு எஸ்எஃப்ஐ 18.1 என்று ஒரு தரச்சான்றும் உண்டு. இவை ஒரிஜினலைவிட எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. காசைக் கொட்டி இன்ஜின் கட்டுபவர்கள் டேம்பரைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதைக் கழற்றி எறியச் சொல்வது விற்பனைப் படங்கள்தான்.

மாட்டும் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கேதான் கார் கெடும். கிராங்க் போல்ட்டுக்குச் சக்கர நட்டைவிட நிறைய அதிக டார்க் (இறுக்கும் விசை) வேண்டும், இம்பாக்ட் கன்னால் "டர்ர்" என்று ஒரு அழுத்து அழுத்திவிட்டு முடிக்கிற வேலை கிடையாது. கழற்றும்போது சிலர் போல்ட்டில் மாட்டிய ராடைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டுவார்கள். ஆபத்தான குறுக்குவழி. அதுவும் என் சிட்டி மாதிரி பழைய ஹோண்டா இன்ஜின்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை, ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் இன்னும் இறுகும். இவற்றின் ஒரிஜினல் புல்லியில் அறுகோணக் குழி ஒன்று இருக்கும், 50 மி.மீ. ஹோல்டரை அதில் செருகிப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். என் அலுமினியப் புல்லியில் அந்தக் குழியே இல்லாததால் அதைப் பிடித்து நிறுத்துவதற்கே அரை நாள் போனது.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஃபியஸ்டா 1.6 பெட்ரோல் போன்ற இன்ஜின்களில் கிராங்க் கியருக்குச் சாவி (கியரைத் தண்டில் நகராமல் பூட்டும் சின்ன உலோகத் துண்டு) கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டுமே டைமிங்கைப் பிடித்து நிற்கிறது. புல்லி மாற்றுவதாக நினைத்து அந்த போல்ட்டைத் தளர்த்தினால் வால்வுகள் திறந்து மூடும் நேரமே (கேம் டைமிங்) கலைந்துவிடும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். லாக்கிங் டூலும் புது போல்ட்டும் இல்லாத பட்டறையில் இதைச் செய்ய விடாதீர்கள். ஃபியட்டின் 'ஃபயர்' வகை பெட்ரோல் இன்ஜின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பல் சக்கரமே புல்லியில்தான் இருக்கிறது. செயின் இன்ஜின் பலவற்றில் முன் ஆயில் சீல் புல்லியின் கழுத்தில் உட்காரும். அந்தக் கழுத்து மென்மையான அலுமினியமாக இருந்தால் தேய்ந்து ஆயில் கசியும். ஒரு காருக்குச் சரியானது இன்னொரு காரின் இன்ஜினைக் காலி செய்துவிடும். "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லிகளைப் பொறுத்தவரை எனக்குக் கறார் எதுவும் இல்லை. அவை டேம்பர் வேலை செய்வதில்லை. நல்ல பேரிங்கோடு வந்தால் வெளி பிராண்டு தாராளமாகப் போடலாம். பலவற்றில் புல்லி நன்றாகவே இருக்கும், உள்ளே பேரிங் மட்டும் கத்தும். 6203 மாதிரி சாதாரண அளவு என்றால் கோவையில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், ஒரு நல்ல லேத்து பட்டறையில் அழுத்தி மாற்றிவிடலாம்.

ஆல்டர்னேட்டர் புல்லி அப்படி இல்லை. டீசல் கார்கள் பலவற்றில் அது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் வகை, முன்னால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது போனதும் "டைனமோ புல்லி" என்று சாதாரணத் திடப் புல்லியை மாட்டிவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. வண்டி ஓடும், சார்ஜும் ஏறும். ஆனால் பெல்ட் துடிக்கும், டென்ஷனர் ஆடி ஆடிச் சீக்கிரம் சாகும். பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் உள் ஃபேனை அசையாமல் பிடித்துப் புல்லியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் பிடித்தால் நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் சுற்றினாலோ இரண்டு பக்கமும் பிடித்தாலோ மாற்ற வேண்டும், அதே வகையில்.

புது கார் என்றால் வாரன்டியையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆர்டிஓ ஆபீசில் யாரும் குனிந்து புல்லியைப் பார்க்கப் போவதில்லை. சர்வீஸ் சென்டரில் பார்ப்பார்கள்.

கடைசியாக, பெல்ட். புல்லி அளவு மாறினால் பெல்ட் நீளமும் மாறும். விட்டம் 20 மி.மீ. குறைந்தால் பெல்ட் ஏறக்குறைய 30 மி.மீ. குட்டையாக வேண்டும். பெல்ட் முதுகில் 4PK 900 என்பது போல எழுதியிருக்கும்: முதல் எண் வரிகள், கடைசி எண் மில்லிமீட்டரில் நீளம். என் காரில் அலுமினியப் புல்லிக்கு ஏற்ற ஒரு விசித்திர அளவு இருந்தது, கடைக்காரர் மாடல் பெயரை வைத்து எடுத்துக் கொடுத்ததெல்லாம் நீளம். கிருஷ்ணகிரி பக்கம் ராத்திரியில் அறுந்தால் எங்கே தேடுவது என்று டிக்கியில் ஒன்று வைத்துக்கொண்டே சுற்றினேன். போதாததற்கு, தூசி ரோட்டில் ஓடி அலுமினிய வரிகளின் முனையில் சிவப்புப் பூச்சு போய், கத்தி மாதிரி கூராகியிருந்தன. கவருக்குள் பெல்ட் தூள் கறுப்பாகப் படிந்து கிடந்தது.

டேம்பர் மாட்டிய பிறகு ஒரிஜினல் அளவுக்கே புது பெல்ட்டுகள் போட்டோம். இன்றைய பெல்ட்டுகள் ரப்பர் கலவை மாறியதால் முன்னைப் போல வெடிப்பு காட்டுவதில்லை. வரிகளின் பள்ளம் தேய்ந்து அகலமாகிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டோ டென்ஷனர் இல்லாத காரில் புது பெல்ட் கொஞ்சம் ஓடியதும் தளரும், முதல் சில நூறு கிலோமீட்டர் முடிந்ததும் திரும்பப் போய் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மார்க்கரையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் புது டேம்பரிலும் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள்.